சம்பளச் சீட்டில் வெட்டிய 8 வீதம்: கொழும்பில் தனியார் பாடசாலையில் படிப்பித்த ஆறரை வருடம்

2023 மே மாதம் என்னுடைய ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்., முதுமைக்காகச் சம்பளத்தோடு சேர்க்கும் காசு) கணக்குக் கூற்றை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அதில் 2017 இல்லை, 2018 இல்லை. 2019 ஜனவரியில் தொடங்கி 2021 டிசம்பரோடு நின்றிருந்தது. நான் படிப்பிக்கத் தொடங்கியது 2017 ஜனவரி. கூற்றை எடுத்த அந்த நாளிலும் காலை ஏழேகாலுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போயிருந்தேன். 2022, 2023 சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றிலும் 8 வீதம் வெட்டியிருந்தது. வெட்டிய காசு எங்கும் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு வந்த கோபத்தைவிட, ஆறு வருடமாக ஒருநாளும் பார்க்காமல் இருந்தேனே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தனியார், சர்வதேசப் பாடசாலைகளில் எங்களுடைய பிள்ளைகள் எத்தனையோ பேர் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த கையோடு படிப்பிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். 2017இல் சம்பளம் 32,000 ரூபா, 2018இல் 35,000. இந்த இரண்டு வருடமும் உறையில் காசாகத் தந்தார்கள், வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள், சீட்டு இல்லை. “புரபேஷன் முடியட்டும் மிஸ், பிறகு ஈ.பி.எஃப். போடுவம்” என்றார்கள். நம்பினேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்புக் காலமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில் தருநரின், அதாவது எங்களுக்குப் பாடசாலையின், பங்கு 12 வீதம். தற்காலிகம், பயிலுநர், பகுதிநேரம், நாட்கூலி எல்லாருக்கும் இதுதான். இதற்கு வெளியே 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் தருநர் தன் பையிலிருந்து 3 வீதம் கட்ட வேண்டும். அதில் எங்களிடமிருந்து ஒரு சதமும் வெட்டக் கூடாது. அந்த இரண்டு வருடத்தில் நான் எடுத்த மொத்தச் சம்பளம் 804,000. அதற்குச் சேமலாப நிதி 160,800, நம்பிக்கை நிதி 24,120. பிறகு 2022இல் 46,000, 2023இல் 52,000 என்று வாங்கிய 19 மாதத்துக்கு மொத்தம் 916,000. அதற்குச் சேமலாப நிதி 183,200, நம்பிக்கை நிதி 27,480. எல்லாம் சேர்த்தால் 395,600 ரூபா. வேலையை விட்டபோது, வேலை செய்த வருடங்களுக்காகக் கிடைக்க வேண்டிய பணிக்கொடை 156,000ஐயும் கூட்டினால் 551,600. என்னுடைய கடைசிச் சம்பளத்தில் பத்து மாதத்துக்கும் மேல்.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கணக்குப் பார்க்க நேரமில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். கிழமைக்கு 40 பாடவேளையில் எனக்கு 32. மிச்சம் எட்டில் பாதி, லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்குப் போய் நிற்பதில் முடியும். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 34 பிள்ளைகள், 136 கொப்பி. ஒரு கொப்பிக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு தடவை திருத்த ஆறே முக்கால் மணித்தியாலம் போகும். அது வீட்டில்தான். தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள் தயாரிப்பு, திருத்தல், புள்ளி பதிதல், ரிப்போர்ட் எழுதுதல். இடையில் இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டம். இதற்கெல்லாம் தனிக் கொடுப்பனவு இல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து தவணைக்கு ஒரு தடவையாவது தொண்டை அடைத்துவிடும். 34 பிள்ளைகள் இருக்கிற, மின்விசிறி ஓடுகிற, காலி வீதி இரைச்சல் உள்ளே வருகிற அறையில் நாள் முழுக்கக் கத்திப் படிப்பித்தால் அப்படித்தான் வரும். தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துப் பாடவேளைக்கு ஒரு தடவை குடிப்பதும், பிள்ளைகளை அடக்கக் குரலுக்குப் பதில் கைதட்டலைப் பழக்குவதும் எனக்கு உதவின. சுடுதண்ணியும் கொத்தமல்லியும் குடித்துவிட்டு அடுத்த நாளும் கத்தினால் குணமாகாது. இரண்டு கிழமைக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை ஐந்து மாதம் அரைச் சம்பளம். அப்போது சம்பளம் 42,000, கிடைத்தது 21,000. ஆனால் பாடம் முழுதாக நடந்தது. சொந்த ஃபோன், சொந்த டேட்டா, காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை ஸூம், பின்னேரம் வட்ஸப்பில் வரும் கொப்பிப் படங்களைத் திருத்துவது. அந்த வருடம் அரசும் தொழில் தருநரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்ட அரைச் சம்பள ஏற்பாடு, அதாவது அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது, வேலை இல்லாமல் வீட்டில் இருக்க வைக்கப்பட்டவர்களுக்கானது. நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். அது எனக்கு அப்போது தெரியாது. “எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்களும் போடுங்க மிஸ்” என்று ஒரு கடிதத்தின் படத்தை வட்ஸப்பில் அனுப்பினார்கள். அரைச் சம்பளத்துக்கு நான் முழுமனதோடு சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்து வைத்து அனுப்பினேன். அந்த 105,000 ரூபா திரும்பி வரவில்லை. சம்மதக் கடிதம் என்று எது வந்தாலும் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். “ஒருநாள் தாருங்கள், வாசித்துவிட்டுத் தாறன்” என்று சொல்லுங்கள். அதைப் பேச்சில் சொல்லாமல் மெசேஜில் சொல்லுங்கள், திகதியோடு நிற்கும். கையெழுத்து வைத்தே ஆகவேண்டிய நிலை என்றால் “முழுநேரம் இணையவழியில் படிப்பித்துக்கொண்டிருக்கையில் பெற்றுக்கொண்டேன்” என்று கையால் ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

2021 ஜூலை 12 முதல் மூன்று மாதத்துக்கு மேல் அரச பாடசாலை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். நாங்கள் அதை வீட்டிலிருந்து, பாடம் நடத்திக்கொண்டே பார்த்தோம். அவர்களுக்குச் சேவைப் பிரமாணக் குறிப்பு இருக்கிறது, தரம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. அவர்களுடைய சம்பளம் காணாது என்பது உண்மை, அந்தப் போராட்டம் நியாயமானது. எங்களுக்கு ஓய்வூதியம் என்று ஒன்றும் இல்லை. முதுமைக்கு இருப்பது சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் பணிக்கொடையும் மட்டும்தான். அதனால்தான் அதில் கை வைப்பது இவ்வளவு பெரிய அநியாயம்.

2022இல் நாடு சரிந்தபோது, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமலும் ஜூனில் பெற்றோல் இல்லாமலும் இருந்த காலத்தில்தான், பாடசாலை எங்கள் நிதியைக் கட்டாமல் விடத் தொடங்கியிருக்கிறது. கட்டணம் வரவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் 8 வீதம் எங்கள் சம்பளத்திலிருந்து வெட்டிய காசு, அது அவர்களுடையதே இல்லை. கஷ்டம் என்றால் எங்களிடம் சொல்லியிருக்கலாம். சீட்டில் வெட்டியதாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் எடுத்தது. உங்களுக்கு ஒரு மாதம் போதும். வேலைக்குச் சேர்ந்ததும் உங்களுடைய உறுப்பினர் இலக்கத்தைக் கேளுங்கள். முன்னால் ஓர் எழுத்து, நடுவில் தொழில் தருநரின் இலக்கம், கடைசியில் உங்களுடைய இலக்கம் என்று மூன்று துண்டாக இருக்கும். அது சம்பளச் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். “பிறகு தாறம்” என்றால் இன்னும் பதியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு ஏபிஎச் என்ற படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் அப்படி ஒன்றில் கையெழுத்து வைத்த ஞாபகம் இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் தண்டப்பணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். சேமலாப நிதியை வைத்திருப்பது மத்திய வங்கி, கட்டவைப்பது தொழில் திணைக்களம். நிலுவையைப் பார்க்க அடையாள அட்டையோடு போய் ஒரு தடவை பதிந்துகொண்டால் பிறகு ஃபோனிலேயே பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள், மொத்தத்தைப் பார்த்துவிட்டு விடாமல் மாதம் மாதமாக எண்ணிப் பாருங்கள். எனக்கு மொத்தம் இருந்தது. மாதங்கள்தான் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பாடசாலைப் பதிவில் முதலெழுத்தாக இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் வந்து சேரும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி. போதாததற்குப் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். கட்டிய காசுகூட இன்னொரு பெயரில் போய்க் கிடக்கும். என்னுடைய கூற்றில் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருந்தது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துத் திருத்த வேண்டிவந்தது. சேரும்போதே அட்டையில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதச் சொல்லுங்கள்.

சம்பளத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். என்னோடு படிப்பித்த ஒருவருக்குச் சம்பளம் 45,000. நியமனக் கடிதத்தில் அடிப்படை 20,000, மிச்சம் 25,000 வெவ்வேறு பெயரில் கொடுப்பனவு. நிதி 20,000க்கு மட்டும். நிதியைக் கணக்கிடச் சட்டம் சொல்லும் உழைப்பூதியம் என்பதற்குள் வாழ்க்கைச் செலவுப் படியும் அதுபோன்ற படிகளும் லீவு நாட்களுக்கான சம்பளமும் சேரும், ஓவர்டைம் சேராது. பெயரை மாற்றிவிட்டால் மட்டும் கடமை போய்விடாது. ஆனால் அதை விசாரணையில் வாதாட வேண்டிவரும். சேருகிறபோதே அடிப்படையைக் கூட்டிக் கேட்பது சுலபம்.

நான் 2023 ஜூனில் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து ஜூலை 31உடன் விலகினேன். கூற்றைப் பார்த்த பிறகும் உடனே சண்டை பிடிக்காமல் இருந்ததுதான் நான் சரியாகச் செய்த ஒரே காரியம். முதலில் சேவைக் கடிதம் கேட்டேன். கனடா விசாவுக்கு, வங்கிக் கடனுக்கு என்று எல்லாரும் கேட்பதால் யோசிக்காமல் அடித்துத் தருவார்கள். அதில் “2017 ஜனவரி முதல்” என்று அதிபரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. உறையில் காசு வாங்கிய, சீட்டே இல்லாத இரண்டு வருடத்தையும் பிற்பாடு நிரூபித்தது அந்த ஒற்றைத் தாள்தான். அது இல்லாவிட்டால் என்ன செய்யலாம்? வகுப்பாசிரியராக நீங்கள் கையெழுத்து வைத்த பிள்ளைகளின் ரிப்போர்ட் பெற்றோரிடம் இருக்கும், திகதியோடு. பாடசாலை மலரில் ஆசிரியர் குழுப் படம் இருக்கும். வினாத்தாள் அனுப்பிய மின்னஞ்சல், நேரசூசி, வகுப்பு வட்ஸப் குழு தொடங்கிய நாள் எல்லாம் சாட்சிதான். பாடசாலைக் கணக்கில் உள்ள மின்னஞ்சலை விலகுகிற அன்றே பூட்டிவிடுவார்கள், அதற்கு முதல் உங்களுடைய கடிதங்களின் பிரதியை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் தனிப்பட்ட விபரங்களை எடுக்க வேண்டாம், அது வேறு பிரச்சினையைக் கொண்டுவரும்.

அடுத்து நான் செய்த பிழை. கல்வி சம்பந்தப்பட்ட விஷயம்தானே என்று கல்வி அமைச்சுப் பக்கம் போனேன். மூன்று கிழமை போனது. சர்வதேசப் பாடசாலைகள் என்று நாங்கள் சொல்பவை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவான கம்பனிகள். அங்கே வேலை செய்கிறவர் சட்டத்தின் கண்ணில் ஒரு கம்பனியின் ஊழியர். போகவேண்டிய இடம் தொழில் திணைக்களம், பாடசாலை இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகம். எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் போகும்.

போவதற்கு முதல் கம்பனியின் பெயரைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். வாசலில் உள்ள பெயர் கம்பனியின் பெயராக இருக்க வேண்டும் என்றில்லை. என்னுடைய பாடசாலைக்கு இரண்டு கம்பனி இருந்தது, பழைய கிளைக்கு ஒன்று, புதிய கட்டடத்துக்கு ஒன்று. 2019இல் நாங்கள் புதியதற்கு மாற்றப்பட்டது எங்களுக்கே தெரியாது. அவர்கள் வந்த முதல் விசாரணையில் “2019க்கு முன் இவர் எங்களிடம் வேலை செய்யவில்லை” என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் பெயர், சீட்டின் தலைப்பு, பெற்றோருக்குக் கொடுக்கும் ரசீது மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். சந்தேகம் இருந்தால் முறைப்பாட்டில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

முறைப்பாட்டை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கம்பனிப் பெயர், விலாசம், உறுப்பினர் இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, வருடவாரியாகச் சம்பளம், எந்த மாதங்கள் கட்டப்படவில்லை. அவ்வளவுதான். நான் முதலில் எழுதியது நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் என் மனவேதனை. அதைக் கிழித்துவிட்டு மாதங்களை ஓர் அட்டவணையாகப் போட்டபோதுதான் விஷயம் நகர்ந்தது. பிரதிகளை இணையுங்கள், மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பதிவுத்தபாலில் அனுப்பினால் துண்டை வைத்திருங்கள், கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதலாம், அது உங்களுடைய அரசியலமைப்பு உரிமை. விசாரணையில் வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனது எனக்கு உதவியது.

2023 ஒக்டோபரில் கொடுத்தேன். டிசம்பர் விசாரணைக்குப் பாடசாலைத் தரப்பு வரவில்லை. ஜனவரியில் கணக்காளர் வந்து ஆவணம் கொண்டுவர நாள் கேட்டார். மார்ச்சில்தான் வரவுப் பதிவேடும் சம்பளப் பதிவேடும் மேசைக்கு வந்தன, சேவைக் கடிதத்தை நான் அன்றுதான் எடுத்து வைத்தேன். தவணை முறையில் கட்டச் சம்மதித்து, 2024 நவம்பரில் கடைசித் தவணை கட்டப்பட்டது. காசு கையில் வராது, நிதிக் கணக்கில்தான் ஏறும். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55இல் எடுக்கலாம். இடையில் ஒரு தடவை பாடசாலையிலிருந்து ஃபோன் வந்தது. “ஒரு லட்சம் கையில தாறம் மிஸ், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்க.” அந்த மாதம் வீட்டு வாடகைக்கே காசில்லாமல் இருந்தேன், இரண்டு நாள் நித்திரை வரவில்லை. 395,600க்குப் பதில் ஒரு லட்சம் என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் மறுத்தேன். கட்ட மறுத்தால் தொழில் ஆணையாளர் சான்றிதழ் ஒன்றை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அதைக் குற்றப்பணம் போல அறவிட முடியும். இது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பேரம் பேசுகிறார்கள். எனக்குப் போன நாள் ஒன்பது, ஒவ்வொரு நாளும் டியூஷன் வருமானம் 2,500 ரூபா இல்லாமல் போனது, பிரதி, தபால், சத்தியக் கடதாசி எல்லாம் சேர்ந்து 6,400. மொத்தம் 28,900.

பணிக்கொடையைத் தனியாகக் கேட்க வேண்டும். சேமலாப நிதி முறைப்பாட்டோடு அது தானாக வரும் என்று நினைத்து நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். தானாக விலகினாலும் உண்டு. எனக்கு 26,000 வீதம் ஆறு வருடம், 156,000. மிச்ச ஏழு மாதம் கணக்கில் வராது. விலகி 30 நாளுக்குள் தர வேண்டும், பிந்தினால் இதற்கும் தண்டப்பணம் உண்டு. எனக்குக் கிடைத்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருடத்தை உடைப்பதற்காகச் சில இடங்களில் ஜூலையில் இராஜினாமாக் கடிதம் வாங்கி, செப்டெம்பரில் புதுக் கடிதம் கொடுக்கிறார்கள். ஓகஸ்ட் சம்பளமும் மிச்சம் அவர்களுக்கு. “சும்மா ஃபோமாலிட்டி” என்று சொல்வார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பத்து மாத ஒப்பந்தம்தான் தருவார்கள் என்றால் சேருகிறபோதே அது தெரிந்திருக்க வேண்டும், ஐந்தாம் வருடத்தில் தெரியக் கூடாது.

வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களுக்கு நாள் மிக முக்கியம். வேலை நீக்கத்தை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்தியிருந்தால், 15 பேர் அல்லது கூட வேலை செய்யும் இடத்தில் முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவர், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆணையாளரிடம் முறையிடலாம். அதற்கும் ஆறு மாதம்தான். “நல்ல பெயரோட போகலாம், இராஜினாமா எழுதித் தாங்க” என்று அதிபரின் அறையில் இருத்தி வைத்துக் கேட்பார்கள். எழுதிக் கொடுத்தால் நீங்களாக விலகியதாகிவிடும். கர்ப்பிணி டீச்சர்மாரிடம் இப்படிக் கேட்பதை நான் இரண்டு தடவை கண்டிருக்கிறேன். 84 வேலை நாள் பிரசவ விடுமுறை சம்பளத்தோடு இருக்கிறது, 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84தான்.

இன்னும் சில விஷயங்கள். பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியைப் பாடசாலையில் கொடுத்து வைக்காதீர்கள், காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். முதல் மாதச் சம்பளத்தைப் பிணையாக வைத்திருப்பார்கள் என்றால் எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள், உறை வேண்டாம். நியமனக் கடிதத்தின் கையெழுத்திட்ட பிரதி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், எனக்கு 2019 வரை அது இருக்கவில்லை. வெளிநாடு போகிறவர்கள் போவதற்கு முதல் முறைப்பாட்டைக் கொடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிவிட்டுப் போங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு, இங்கே கட்டாமல் விட்ட நிதியை என்ன செய்வதென்று கேட்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர்.

ஆயாமார், வான் உதவியாளர், காவலாளி, கந்தோர்ப் பிள்ளைகள் இவர்களை நாங்கள் மறந்துவிடுகிறோம். டீச்சர்மாருக்காவது சீட்டு இருந்தது. எங்கள் பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் 11 வருடம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டி, கழுவி, வாந்தி துடைத்த அக்காவுக்கு நாள்கூலி, அதுவும் வவுச்சரில். “கெஷுவல்தானே, உங்களுக்கு ஈ.பி.எஃப். இல்ல” என்று சொல்லியிருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று நான் சொன்னபோது முதலில் நம்பவில்லை, பிறகு பயந்தார், வேலை போய்விடும் என்று. போன மாதம்தான் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தார். அவரிடம் மின்னஞ்சலும் இல்லை, சேவைக் கடிதமும் இல்லை. 2014ஆம் ஆண்டு கலைவிழாப் படம் ஒன்று இருக்கிறது, பாடசாலைச் சீருடைச் சேலையில், பின்வரிசையில், கையில் ஒரு குழந்தையோடு. அந்த வருடத்து ஆரம்பப் பிரிவுப் பெற்றோர் மூன்று பேர் கடிதம் எழுதித் தந்திருக்கிறார்கள். முதலாவது விசாரணை அடுத்த மாதம், நானும் போகிறேன்.